அடாப்டரைச் செருகும் முன் பிளஸ், மைனஸ் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்தில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் பக்கமிருந்தும் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமிருந்தும் பொருள்கள் வருகின்றன: வைஃபை ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், தேவாலயக் கீபோர்டு, படகின் ஜிபிஎஸ். இவற்றில் பல, கைக்குக் கிடைத்த அடாப்டரைச் செருகியதால் போனவை. நல்ல பொருள் இப்படி வீணாவதைப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் மனம் சங்கடப்படுகிறது. கொண்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. அண்ணே, பின் சரியாகப் பொருந்துகிறதே, அப்புறம் என்ன பார்க்க வேண்டும்?

பின் பொருந்துவதற்கும் அடாப்டர் பொருந்துவதற்கும் சம்பந்தமே இல்லை. நம் வீடுகளில் அதிகம் புழங்கும் உருண்டைப் பின்னின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்துளை 2.1 மில்லிமீட்டர். 5 வோல்ட் அடாப்டரிலும் இந்தப் பின் வருகிறது, 9 வோல்ட்டிலும் வருகிறது, 12, 24 வோல்ட்டிலும் வருகிறது. நடுத்துளையில் பிளஸ் வைப்பதா மைனஸ் வைப்பதா என்பது தயாரிப்பாளர் முடிவு.

பார்க்க வேண்டியவை மூன்று: வோல்ட், துருவம், ஆம்பியர். முதல் இரண்டும் பொருள் கேட்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். மூன்றாவதில் கொஞ்சம் தாராளம் உண்டு; அதை 13ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

2. துருவம் என்றால் என்ன? சுவரில் பிளக்கைத் திருப்பிப் போட்டாலும் வேலை செய்கிறதே?

சுவரில் வருவது 230 வோல்ட் ஏசி மின்சாரம். அது விநாடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் தானே திசை மாறி மாறிப் பாய்கிறது. அதனால் இரண்டு முள் பிளக்கை எப்படிப் போட்டாலும் அடாப்டருக்கு ஒன்றுதான். அடாப்டரின் மறுமுனையில் வெளிவருவது டிசி. அதற்கு ஒரே திசை. ஒரு முனை எப்போதும் பிளஸ், மறுமுனை எப்போதும் மைனஸ். சுவரில் பிளக்கைத் திருப்புவதால் இது மாறாது.

உருண்டைப் பின்னில் இந்த இரண்டு முனைகளும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. உள்துளையின் உலோகச் சுவர் ஒரு முனை, வெளியே பளபளக்கும் உறை இன்னொரு முனை. எது பிளஸ் என்பதைத்தான் துருவம் என்கிறோம்.

3. அடாப்டரில் எழுத்து மிகப் பொடியாக இருக்கிறது. எதைத் தேட வேண்டும்?

கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘இன்புட்’ என்ற வரி சுவரிலிருந்து வருவதைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது ‘அவுட்புட்’ வரி. அதில் வோல்ட் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நேர்க்கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும் இருந்தால் டிசி. அலை போல வளைந்த கோடு இருந்தால் ஏசி. அதற்கு 15ஆம் கேள்வி.

அடுத்து ஒரு சிறிய படம் இருக்கும். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றி ஒரு பக்கம் திறந்த வட்டம். இரண்டிலிருந்தும் பக்கத்துக்கு ஒரு கோடு இழுத்து, கோட்டின் நுனியில் + அல்லது − குறி போட்டிருப்பார்கள். புள்ளி என்பது பின்னின் உள்துளை, வளைவு என்பது வெளியுறை. புள்ளியிலிருந்து கிளம்பும் கோட்டை விரலால் பின்தொடருங்கள். அது + குறியில் முடிந்தால் நடு பிளஸ், − குறியில் முடிந்தால் நடு மைனஸ். + குறி இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்பது முக்கியமில்லை. எந்தக் கோடு புள்ளியைத் தொடுகிறது என்பதுதான் முக்கியம். பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

4. பொருளின் பக்கத்தில் அதே படம் எங்கே இருக்கும்?

பெரும்பாலும் பின்னைச் செருகும் துளைக்குப் பக்கத்திலேயே அச்சிட்டோ, பிளாஸ்டிக்கில் பதித்தோ இருக்கும். அங்கே இல்லையென்றால் அடிப்பக்க லேபிள், பேட்டரி மூடியின் உட்புறம், கையேட்டின் கடைசிப் பக்கங்கள். பதித்த எழுத்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள், நிழல் விழுந்து எழுத்து தெரியும். அடாப்டரின் படமும் பொருளின் படமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே செருகுங்கள்.

5. எல்லாவற்றிலும் நடுவில்தானே பிளஸ்? அப்படியே வைத்துக்கொண்டால் என்ன?

ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றில் பெரும்பாலும் நடு பிளஸ்தான். இந்தப் பழக்கம்தான் ஆளை ஏமாற்றுகிறது. கிதார் எஃபெக்ட் பெடல்களில் 9 வோல்ட், நடு மைனஸ் என்பது வழக்கமாகவே நிலைத்துவிட்டது. பழைய காசியோ கீபோர்டுகளுக்கு வரும் ஏடி-5 அடாப்டரும் 9 வோல்ட், நடு மைனஸ். யமஹாவின் சிறிய கீபோர்டுகளோ 12 வோல்ட், நடு பிளஸ்.

இப்போது ஒரு பாடகர் குழுவின் அலமாரியை நினைத்துப் பாருங்கள். இரண்டு கீபோர்டு, இரண்டு பெடல், நான்கு கறுப்பு அடாப்டர், எல்லாம் ஒரே பையில். திருவிழா நேரத்து அவசரத்தில், விளக்கு வெளிச்சம் போதாத பாடகர் மேடையில், யமஹாவின் அடாப்டர் காசியோவுக்குப் போகிறது. வோல்ட்டும் கூடுதல், துருவமும் தலைகீழ். இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. அடாப்டர் ஒயரின் நுனியில் வெள்ளை நாடா ஒட்டி, எந்தப் பொருளுக்கு, எத்தனை வோல்ட், நடுவில் என்ன என்று அழியாத பேனாவில் எழுதிவிடுங்கள். அதே எழுத்தைப் பொருளின் துளைக்கு அருகிலும் ஒட்டுங்கள்.

6. லேபிள் அழிந்துவிட்டது. மல்டிமீட்டரில் எப்படிப் பார்ப்பது?

கறுப்பு முள்ளை ‘காம்’ என்ற துளையிலும், சிவப்பு முள்ளை வோல்ட் துளையிலும் செருகுங்கள். 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் சிவப்பு முள் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அந்த நிலையில் அளந்தால் அடாப்டரை நேராக ஷார்ட் செய்வதற்குச் சமம். திருகியை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். 19 வோல்ட்டுக்கு மேற்பட்ட அடாப்டர் என்று சந்தேகம் இருந்தால் 200இல் வையுங்கள்.

அடாப்டரைச் சுவரில் போட்டுவிட்டு, பின்னை எந்தப் பொருளிலும் செருகாமல் இடது கையில் பிடியுங்கள். சிவப்பு முள்ளின் நுனி உள்துளையின் சுவரைத் தொட வேண்டும், கறுப்பு முள் வெளியுறையைத் தொட வேண்டும். எண் மட்டும் தெரிந்தால் நடு பிளஸ். எண்ணுக்கு முன்னால் − குறி வந்தால் நடு மைனஸ். முள் தடிமனாக இருந்து துளைக்குள் போகவில்லை என்றால், மெல்லிய தையல் ஊசி ஒன்றைத் துளைக்குள் சாய்வாக விட்டு, அந்த ஊசியில் சிவப்பு முள்ளை வையுங்கள். ஊசி வெளியுறையின் விளிம்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; இரண்டையும் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும்.

7. 12 வோல்ட் அடாப்டர் மீட்டரில் 16 காட்டுகிறது. கெட்டுவிட்டதா?

கையில் எடுத்தால் கனமாக இருக்கிறதா? அப்படியானால் உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. பழைய வகை டிரான்ஸ்பார்மர் அடாப்டர்களில் பல, பொருள் எதுவும் செருகாதபோது எழுதியதைவிடக் கூடுதலாகவே காட்டும். பொருள் மின்சாரத்தை இழுக்கத் தொடங்கியதும் இறங்கிவிடும். அதோடு கூடவே வந்த பொருளுக்கு இதனால் தொல்லை இல்லை. வேறொரு நவீனக் கருவிக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

கனமில்லாத, இன்றைய அடாப்டர் 12க்குப் பதிலாக 16 காட்டினால் அது பழுதுதான். தூக்கி வைத்துவிடுங்கள்.

8. டெஸ்டர் திருப்புளி வைத்துப் பார்த்தால் போதாதா?

போதாது. அதன் உள்ளே இருக்கும் சிறு விளக்கு சுவர் மின்சாரத்துக்கானது. 12 வோல்ட்டுக்கு அது எரியவே எரியாது.

9. மீட்டர் இல்லை, பக்கத்தில் கடையும் இல்லை. வேறு வழி உண்டா?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது எல்இடி. சாதாரணச் சிறு எல்இடி ஒன்றோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வரிசையாக முறுக்கிச் சேருங்கள். எல்இடியின் நீளக் கால் பிளஸ். நீளக் கால் பக்கம் உள்துளையையும் குட்டைக் கால் பக்கம் வெளியுறையையும் தொடும்போது எரிந்தால் நடு பிளஸ். திருப்பித் தொட்டால்தான் எரிகிறது என்றால் நடு மைனஸ்.

இரண்டாவது, நம் கடற்கரையில் எப்போதும் கிடைக்கும் உப்புத் தண்ணீர். தோல் சீவிய இரண்டு செம்புக் கம்பிகளை எடுத்து, ஒன்றை உள்துளையிலும் மற்றதை வெளியுறையிலும் படவைத்து, கண்ணாடித் தம்ளரில் இருக்கும் கடல் தண்ணீரில் நுனிகளை மட்டும் நனையுங்கள். கம்பிகளுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். ஒரு கம்பியிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழ்கள் திரண்டு மேலே ஓடும், அது மைனஸ். மற்றக் கம்பியில் குமிழ் குறைவாக இருக்கும், சற்று நேரத்தில் அதன் நுனியில் பச்சை கலந்த கலங்கல் தெரியும், அது பிளஸ். மைனஸ் பக்கம் வருவது ஹைட்ரஜன் வாயு, அதனால்தான் அங்கே குமிழ் மிகுதி. சில விநாடி போதும், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், பிள்ளைகளை விலக்கி வையுங்கள். இது அடாப்டரின் டிசி முனைக்கு மட்டுமே. சுவர் மின்சாரத்தின் பக்கம் தண்ணீரைக் கொண்டுபோனால் உயிருக்கு ஆபத்து.

10. சிவப்பு ஒயர் பிளஸ், கறுப்பு ஒயர் மைனஸ். இதை நம்பலாம்தானே?

ஒழுங்காகச் செய்த பொருளில் நம்பலாம். ஏற்கெனவே யாரோ வெட்டி ஒட்டிய ஒயரில் நம்பக் கூடாது. இரண்டும் கறுப்பாக இருந்து ஒன்றில் மட்டும் வெள்ளைக் கோடு ஓடினால், கோடு போட்டது பெரும்பாலும் பிளஸ். ஆனால் மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. அளந்து பார்க்காமல் நிறத்தை மட்டும் வைத்து இணைக்காதீர்கள்.

11. மாற்றிக் கொடுத்தால் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

பொருளைப் பொறுத்தது. நல்ல தயாரிப்புகளில் நுழைவாயிலிலேயே ஒரு டயோடு இருக்கும். அது ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும். துருவம் மாறினால் பொருள் உயிர் பெறாது, கெடவும் கெடாது. சில பொருள்களில் டயோடைக் குறுக்கே வைத்து, முன்னால் ஒரு ஃபியூஸ் போட்டிருப்பார்கள். மாற்றிக் கொடுத்தால் மின்சாரம் முழுக்க டயோடு வழியாகப் பாய்ந்து ஃபியூஸ் எரியும். ஃபியூசை மாற்றினால் பொருள் மீண்டும் பிழைக்கும்.

பாதுகாப்பே இல்லாத மலிவுப் பொருள்களில்தான் பெரிய சேதம். உருளை வடிவக் கெபாசிட்டருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. மின்சாரம் தலைகீழாக வந்தால் அந்தப் படலம் சிதைந்து, உள்ளே வாயு உண்டாகி, தலைப்பகுதி உப்புகிறது. தலையில் கீறல் போட்டிருப்பது வெடிக்காமல் அந்த வழியே திறந்துகொள்வதற்காக. அதற்குள் ரெகுலேட்டர் ஐசியும் பிராசசரும் போயிருக்கும். பிராசசர் போன ரவுட்டரைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிது வாங்குவது மலிவு.

12. மாற்றிச் செருகிவிட்டேன், உடனே பிடுங்கிவிட்டேன். இனி என்ன செய்வது?

சரியான அடாப்டரை உடனே செருகிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். கருகல் வாடை இருந்தாலோ, உடல் எங்காவது சுட்டாலோ அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று தெரிந்தால் நுழைவாயில் டயோடு, ஃபியூஸ் இரண்டையும் முதலில் பார்ப்போம், பாதி வேலை மிச்சம். வாடையும் சூடும் இல்லையென்றால் சற்று நேரம் விட்டு, சரிபார்த்த அடாப்டரைச் செருகலாம். கை சுவிட்சிலேயே இருக்கட்டும்.

13. பொருள் 1 ஆம்பியர் கேட்கிறது, அடாப்டர் 2 ஆம்பியர். ஆபத்தா?

ஆபத்தில்லை. ஆம்பியர் என்பது அடாப்டரால் எவ்வளவு வரை கொடுக்க முடியும் என்ற அளவு. பொருள் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். தலைகீழாக, 2 ஆம்பியர் கேட்கும் பொருளுக்கு 1 ஆம்பியர் அடாப்டர் போட்டால் அடாப்டர் சூடாகும், வோல்ட் இறங்கும், ரவுட்டர் அடிக்கடி தானே அணைந்து எரியும். வோல்ட் விஷயத்தில் இந்தத் தாராளம் கிடையாது.

14. காக்கா, துபாயிலிருந்து வந்த பொருள். பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா?

அமீரகத்திலும் 230 வோல்ட், 50 சுற்றுதான். மூன்று தட்டை முள் பிளக்குக்கு மாற்று முனை வாங்கிப் போட்டால் போதும். ஆனாலும் ‘இன்புட்’ வரியைப் படியுங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் நிம்மதி. சவுதியில் வாங்கிய பழைய பொருள்களிலும், ஜப்பான், அமெரிக்கச் சந்தைக்கென்று செய்தவற்றிலும் 100 அல்லது 110, 120 மட்டும் என்று இருக்கலாம். அதை நம் சுவரில் போட்டால் அடாப்டர் அங்கேயே எரியும்.

முனை மாற்றுவது சுவர்ப் பக்கத்து வேலை. டிசி பக்கத்துத் துருவத்தை 3ஆம் கேள்வியில் சொன்னபடி தனியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

15. அவுட்புட்டிலும் ஏசி என்று போட்டிருக்கிறதே, அச்சுப் பிழையா?

பிழையில்லை. சில ஒலிக் கலவைக் கருவிகளுக்கும் பழைய மோடம்களுக்கும் அடாப்டர் ஏசியாகவே கொடுக்கும். அதற்குத் துருவம் கிடையாது. அந்த அடாப்டரை டிசி கேட்கும் பொருளில் செருகாதீர்கள். மீட்டரை டிசியில் வைத்து அளந்தால் இது சுழியை ஒட்டியே காட்டும். செத்த அடாப்டர் என்று நினைத்துவிட வேண்டாம்.

16. பல முனைகளோடு வரும் பொது அடாப்டர் வாங்கலாமா?

அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் இரண்டு பொறிகள் உண்டு. வோல்ட்டை மாற்றும் சுவிட்ச் பையில் உரசி நகர்ந்திருக்கும். முனையைத் திருப்பிச் செருகினால் துருவமும் திரும்பிவிடும்படி சிலவற்றைச் செய்திருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் முனையைப் பொருத்திய பிறகு 6ஆம் கேள்விப்படி அளந்துவிட்டுத்தான் பொருளில் செருக வேண்டும்.

17. கைப்பேசி டைப்-சி சார்ஜருக்கும் இதெல்லாம் பார்க்க வேண்டுமா? மடிக்கணினிக்கு?

டைப்-சிக்கு வேண்டாம். அதை எப்படித் திருப்பிச் செருகினாலும் துருவம் மாறாதபடிதான் முனைகளை அமைத்திருக்கிறார்கள். 5 வோல்ட்டில் தொடங்கி, பொருளும் சார்ஜரும் பேசி ஒத்துக்கொண்ட பிறகே வோல்ட் ஏறும்.

உருண்டைப் பின் மடிக்கணினிகளில் வேறு சிக்கல். டெல், எச்பி போன்றவற்றில் துளைக்கு நடுவே மெல்லிய ஊசி ஒன்று நிற்கும். அது அடாப்டரை அடையாளம் காட்டும் கம்பி, மின்சாரம் வருவது அதில் இல்லை. மீட்டர் முள்ளை அந்த ஊசியில் வைத்துவிட்டு அடாப்டர் செத்துவிட்டது என்று முடிவு செய்கிறார்கள். துளையின் உட்சுவரையும் வெளியுறையையும் தொட்டு அளக்க வேண்டும். ஊசி வளைந்திருந்தால் நிமிர்த்த முயலாதீர்கள், அது உட்சுவரில் பட்டுவிடும்.

18. படகில் அடாப்டரே இல்லை, பேட்டரியிலிருந்து நேராக ஜிபிஎஸ்ஸுக்கு ஒயர். அதற்கும் இதே கணக்கா?

இன்னும் கண்டிப்பான கணக்கு. சிறிய அடாப்டரால் கொடுக்க முடிவது ஓரிரு ஆம்பியர். படகின் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒயர் உருகித் தீப்பிடிக்கும். எனவே பிளஸ் ஒயரில், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், கருவியின் கையேடு சொல்லும் அளவில் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். எரிந்த ஃபியூசுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றுவதை எந்தக் கட்டத்திலும் செய்யாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளிலிருந்து கருவிகளைக் கழற்றி வீட்டில் வைப்பார்கள். மீண்டும் பூட்டும்போதுதான் துருவம் மாறுகிறது. உப்பிலும் டீசலிலும் ஊறி, சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் ஒரே பழுப்பு நிறமாகியிருக்கும். கழற்றும்போதே பிளஸ் ஒயரில் நாடா சுற்றிவிடுங்கள். பூட்டும்போது பேட்டரி முனையில் அளக்காமல், கருவிக்குள் போகும் பிளக்கில் அளந்து பாருங்கள். நடுவில் யாராவது ஒட்டுப் போட்டு மாற்றியிருந்தால் அங்கேதான் தெரியும்.

12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். படகுக்கென்று செய்த கருவிகள் இதைத் தாங்கும், வீட்டு ரவுட்டர் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதற்கு 12 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் கன்வர்ட்டர் வேண்டும். இரண்டு பேட்டரியை வரிசையாகப் போட்டு 24 ஆக்கிய படகில், ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்தால் அந்தப் பேட்டரி மற்றதைவிட வேகமாகக் கெட்டுப்போகும்.

19. நடு மைனஸ் பெடலும் நடு பிளஸ் கருவியும் ஒரே 9 வோல்ட் அடாப்டரில், ஒன்றுக்கு மட்டும் ஒயரை மாற்றிப் போட்டு ஓட்டலாமா?

தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் ஓடும். ஒலி ஒயரால் இரண்டையும் இணைத்த கணம் சிக்கல் வரலாம். காரணம், ஒலி ஒயரின் வெளிக்கவசம் ஒரு கருவியின் கிரவுண்டை, அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் பொதுவான முனையை, மற்றதன் கிரவுண்டோடு சேர்க்கிறது. பெரும்பாலான கருவிகளில் கிரவுண்டும் மைனஸும் ஒன்று. அவற்றுக்கு ஒயரை முறையாகத் திருப்பிக் கொடுத்திருந்தால் தொல்லை இல்லை. சில பழைய பெடல்களில் பிளஸ்தான் கிரவுண்ட். அப்படி ஒன்று நடுவில் இருந்தால் அடாப்டரின் பிளஸும் மைனஸும் அந்த ஒலி ஒயர் வழியாகவே ஷார்ட் ஆகும். எது எப்படி என்று திறந்து பார்க்காமல் தெரியாது என்பதால், இந்த மாதிரிக் கலவைக்குத் தனித்தனி அடாப்டர் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

20. வோல்ட் சரி, துருவம் சரி, ஆம்பியரும் சரி. ஆனாலும் பொருள் வேலை செய்யவில்லை. என்னதான் காரணம்?

நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்பு. பின்னின் உறையும் சாக்கெட்டின் நாக்கும் களிம்பு ஏறிப் பச்சையாகியிருக்கும். மீட்டர் மிகக் குறைந்த மின்சாரத்தையே இழுப்பதால் களிம்பைத் தாண்டியும் 12 காட்டிவிடும். பொருள் இழுக்கும்போது அதே இடத்தில் வோல்ட் சரிந்துவிடும். வாடைக்காற்றுக் காலத்தில் ஈரமும் சேர்ந்தால் இது இன்னும் மோசம்.

அடாப்டரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் பின்னையும் சாக்கெட்டையும் துடைத்து முழுக்க உலரவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சு போய் அடுத்த மாதமே மீண்டும் களிம்பு ஏறும். துடைத்த பிறகும் பின் தளர்ந்து ஆடினால் அளவைப் பாருங்கள். 2.1 மில்லிமீட்டர் ஊசி கொண்ட சாக்கெட்டில் 2.5 மில்லிமீட்டர் துளையுள்ள பின் எளிதாகப் போய்விடும், ஆனால் சரியாகப் பிடிக்காது. அளவும் சரியென்றால் சாக்கெட்டின் நாக்கு வலுவிழந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும், சின்ன வேலைதான்.